அமெரிக்க விடுதலைப் போர் எப்படி மூண்டது? கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சார், தேயிலைக்கு வரியை ஏத்துனதாலதானே பாஸ்டன் துறைமுகத்துல பெட்டியெல்லாம் கடல்ல கொட்டுனாங்க?

வரி ஏறவில்லை. விலைதான் இறங்கியது! பவுண்டு எடைக்கு 3 பென்ஸ் என்ற இறக்குமதி வரி 1767 முதலே இருந்தது. 1773 தேயிலைச் சட்டம் அதைத் தொடவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி லண்டன் ஏலத்தில் விற்காமல் நேரே அமெரிக்காவுக்கு அனுப்பலாம், இங்கிலாந்தில் கட்டிய தீர்வை திரும்பக் கிடைக்கும் என்றது அந்தச் சட்டம். அதனால் 3 பென்ஸைச் சேர்த்தும், டச்சுக்காரர்களிடமிருந்து கடத்திவந்த தேயிலைக்கு ஈடான விலைக்கு வந்துவிட்டது.

வம்பே அதில்தான். மலிவாகக் கிடைக்கிறதே என்று அமெரிக்கக் காலனி மக்கள் வாங்கினால், தங்கள் பிரதிநிதி ஒருவர்கூட இல்லாத பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தங்கள்மேல் வரி போடலாம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அதைவிட முக்கியம், அந்தச் சுங்கப் பணம் போன இடம். பாஸ்டன் இருந்த மாசசூசெட்ஸ் காலனியின் ஆளுநருக்கு உள்ளூர்ச் சட்டமன்றமே சம்பளம் கொடுத்தவரை, அவரை அது ஓரளவு கட்டுப்படுத்த முடிந்தது. 1772 முதல் சம்பளம் சுங்க வருவாயிலிருந்து வரத் தொடங்கியதும் அந்தப் பிடி போயிற்று.

கேள்வி: கப்பலைத் திருப்பி அனுப்பியிருந்தால் போதாதா?

பிலடெல்பியாவில் அப்படித்தான் செய்தார்கள். பாஸ்டனில் முடியவில்லை. ‘டார்ட்மத்’ கப்பல் நவம்பர் 28 அன்று வந்து சுங்கத்தில் பதிவாகிவிட்டது. 20 நாளுக்குள் வரி கட்டாவிட்டால் அதிகாரிகள் சரக்கைப் பறிமுதல் செய்யலாம். வரி கட்டாமல் வெளியேறவும் அனுமதி இல்லை. ஆளுநர் ஹட்சின்சன் இறுதிவரை விடவில்லை. தேயிலையை விற்க நியமிக்கப்பட்டவர்களில் அவருடைய மகன்கள் இருவர் இருந்தார்கள்.

கெடு முடிவதற்கு முந்தைய இரவு, டிசம்பர் 16 அன்று, 3 கப்பல்களில் இருந்த 342 பெட்டிகளும் போயின. பெட்டியை அப்படியே வீசினால் மிதக்கும், மீட்டுவிடலாம். அதனால் கோடாரியால் பிளந்துதான் கொட்டினார்கள். கடல் உள்வாங்கியிருந்த நேரம் என்பதால் இலை கப்பலோரமாகவே குவிந்து நின்றது. மொத்தம் ஏறத்தாழ 42 டன்.

கேள்வி: அது நம்ம இந்தியத் தேயிலையா?

இல்லை, எல்லாம் சீனத் தேயிலை. அசாமில் தேயிலைப் பயிர் 1830-களில்தான் தொடங்கியது. நீலகிரியும் இலங்கையும் அதற்கும் பின்னால்.

கேள்வி: வணக்கம் ஐயா. கோபம் எல்லா நாட்டிலும் வருகிறது. பிரிட்டனின் 13 அமெரிக்கக் காலனிகளையும் ஒன்றாக இயங்க வைத்தது எது?

ஊர்க்குழுக்கள். போரின் உண்மையான தொடக்கம் அங்கேதான் என்பது என் உறுதியான கருத்து. 1772 நவம்பரில் பாஸ்டனில் கடிதத் தொடர்புக் குழு உருவானது. மற்ற ஊர்களும் அதைப் பின்பற்றின. தேயிலையைக் கொட்டியதற்குத் தண்டனையாக 1774 ஜூன் 1 அன்று பிரிட்டன் பாஸ்டன் துறைமுகத்தை மூடியபோது, செய்தி போக ஏற்கெனவே வழி இருந்தது. அந்தச் செப்டம்பரில் பிலடெல்பியாவில் 12 காலனிகளின் பேராளர்கள் கூடினார்கள். ஜார்ஜியா மட்டும் வரவில்லை.

பிரிட்டிஷ் சரக்கைப் புறக்கணிக்க அவர்கள் போட்ட ஒப்பந்தம் பழைய தோல்வியிலிருந்து பாடம் கற்றது. 1768-இல் தொடங்கிய புறக்கணிப்பை நடத்தியவர்கள் வணிகர்கள். 1767-இல் போட்ட வரிகளில் தேயிலை தவிர மற்றவை 1770-இல் நீங்கியதும் நியூயார்க் வணிகர்கள் விலகினார்கள், மற்றவர்களும் நழுவினார்கள். இந்த முறை கண்காணிப்பை வணிகர்களிடம் விடவில்லை. ஒவ்வொரு ஊரிலும் வாக்காளர்கள் குழுவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மீறுபவரின் பெயரைச் செய்தித்தாளில் போட வேண்டும். அவரோடு யாரும் கொடுக்கல் வாங்கல் வைக்கக்கூடாது.

1774 டிசம்பர் 1 முதல் பிரிட்டிஷ் சரக்குக்குத் தடை. அதன்பின் இரண்டு மாதத்துக்குள் வந்த சரக்குக்கு உரிமையாளருக்கு மூன்று வழிகள்: திருப்பி அனுப்பலாம், குழுவின் பொறுப்பில் வைக்கலாம், அல்லது விற்கச் சொல்லலாம். விற்றால் முதல் அவருக்கு, லாபம் பாஸ்டன் ஏழைகளுக்கு. பிப்ரவரிக்குப் பிறகு வந்தால் கட்டைப் பிரிக்காமலே திருப்பிவிட வேண்டும். ஏற்றுமதித் தடையை மட்டும் 1775 செப்டம்பர் வரை தள்ளிவைத்தார்கள், வர்ஜீனியாக்காரர்கள் கையிலிருந்த புகையிலையை விற்றுத் தீர்க்க வேண்டியிருந்ததால். 1775-இல் பிரிட்டனிலிருந்து வந்த இறக்குமதி முந்தைய ஆண்டில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போனது.

கேள்வி: 1775 ஏப்ரல் 19 அன்று விவசாயிகள் எப்படி ஒரு பெரிய படையைத் துரத்தினாங்க?

சுமார் 700 பிரிட்டிஷ் வீரர்கள் கான்கார்ட் என்ற ஊரில் காலனிக்காரர்கள் வைத்திருந்த ஆயுதக் கிடங்கை அழிக்க பாஸ்டனிலிருந்து கிளம்பினார்கள். விடியற்காலையில், வழியிலிருந்த லெக்சிங்டன் ஊர்த் திடலில் நின்ற ஊர்ப்படையினர் 77 பேர்தான். முதலில் சுட்டது யார் என்பது இன்றுவரை தெரியவில்லை. அங்கே 8 பேர் இறந்தார்கள். கான்கார்டில் சரக்கின் பெரும்பகுதியை முன்கூட்டியே அப்புறப்படுத்தியிருந்தார்கள்.

திரும்பும் வழிதான் ஆபத்தானது. மணியடித்தும் குதிரையில் ஆளனுப்பியும் அக்கம்பக்கத்து ஊர்ப்படைகளைத் திரட்டியிருந்தார்கள். மரத்துக்குப் பின்னால் ஒளிந்து தனியாகச் சுடும் விவசாயி என்ற படம் பாதிதான் உண்மை. ஒவ்வோர் ஊரும் தன் தளபதியோடு அணியாகவே வந்தது. ஓர் அணி ஓய்ந்ததும் அடுத்தது பிடித்துக்கொண்டது. பிரிட்டிஷ் வீரர் ஒருவரிடம் இருந்தது 36 தோட்டா. லெக்சிங்டனை எட்டுவதற்குள் பலருக்கு அது தீரும் நிலை. பிரிட்டிஷ் தளபதி பெர்சி சுமார் 1,000 பேரோடும் 2 பீரங்கிகளோடும் எதிர்கொண்டு வந்திராவிட்டால் அந்தப் படை தப்பியிருக்காது. பிரிட்டிஷ் தரப்பில் 73 பேரும் ஊர்ப்படையில் 49 பேரும் இறந்தார்கள்.

கேள்வி: துப்பாக்கி இருந்தது சரி, வெடிமருந்து?

அதுதான் பெரிய தலைவலி. 1775 ஆகஸ்டில் அமெரிக்கப் படைத்தலைவர் வாஷிங்டன் கணக்கெடுத்தபோது ஆளுக்கு 9 சுற்றுக்கு மேல் வராது என்று தெரிந்தது. கரியும் கந்தகமும் கிடைத்தன. முக்கால் பங்கு சேர வேண்டிய வெடியுப்பு கிடைக்கவில்லை.

அதைக் காய்ச்ச ஊர் ஊராக ஊக்குவித்தார்கள். பழைய தொழுவத்துக்கு அடியில் இருக்கும் மண்ணைத் தொட்டியில் போட்டு நீர் ஊற்றி வடிப்பார்கள். வடித்த நீரில் மரச்சாம்பல் காரத்தைச் சேர்த்துக் காய்ச்சி ஆறவிட்டால் ஊசி ஊசியாக உப்பு படியும். சாம்பல் காரம் குறைந்தால் கால்சியம் உப்பாகவே நின்றுவிடும். அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், அந்த மருந்து நமத்துப்போகும். கறியுப்பைச் சரியாகப் பிரிக்காவிட்டாலும் இதே கதிதான். அப்படிப்பட்ட மருந்தைப் போட்டால் துப்பாக்கியின் வெளியே பற்றவைக்கும் சிறு கிண்ணியில் மட்டும் பொறி பறந்து குண்டு உள்ளேயே நின்றுவிடும். தேவையின் பெரும்பகுதியைக் கடல்வழியாக, பிரான்சிலிருந்தும் கரீபியன் தீவுகளிலிருந்தும்தான் கொண்டுவந்தார்கள்.

கேள்வி: அடிமைகளா இருந்தவங்களுக்கு இந்த விடுதலையில என்ன பங்கு?

மக்களில் ஐந்தில் ஒருவர் அடிமை. 1775 நவம்பரில் வர்ஜீனியாவின் பிரிட்டிஷ் ஆளுநர் டன்மோர், கிளர்ச்சிக்காரர்களின் அடிமைகள் தன் படையில் சேர்ந்தால் விடுதலை என்று அறிவித்தார். நூற்றுக்கணக்கானோர் உயிரைப் பணயம் வைத்து ஓடினார்கள். அவர்களுக்கு விடுதலை எதிர்த்தரப்பில் தெரிந்தது. இதைச் சொல்லாமல் இந்த வரலாற்றைச் சொல்வது நேர்மையாகாது.

கேள்வி: சண்டை 1775-இல் தொடங்கிவிட்டதே, சுதந்திரப் பிரகடனம் ஏன் 1776 ஜூலையில்?

பலர் அரசரோடு சமரசத்தையே விரும்பினார்கள். 1775 ஜூலையில் மனுவும் அனுப்பினார்கள். அரசர் அதை ஏற்காமல், ஆகஸ்ட் 23 அன்று அவர்களைக் கிளர்ச்சிக்காரர்கள் என்று அறிவித்தார். பிறகு ஜெர்மானியக் கூலிப்படையையும் அமர்த்தினார். பிரிட்டனின் குடிமக்களாக இருந்துகொண்டு பிரான்சிடம் வெளிப்படையாக உதவி கேட்கவும் முடியாது. 1776 ஜூலை 2 அன்று பிரிந்துபோவதாகத் தீர்மானித்தார்கள்; நியூயார்க் அன்று வாக்களிக்கவில்லை. 4-ஆம் தேதி ஏற்றது பிரகடனத்தின் வாசகத்தை. கையெழுத்துகளில் பெரும்பாலானவை ஆகஸ்ட் 2 அன்று போட்டவை.