வாசகர் கேள்வி – பதில்: கலெக்டர் கையிலிருந்து எஸ்.பி. கைக்கு

ஒரு காலத்தில் போலீஸே கலெக்டர் கையில்தான் இருந்ததாமே? பிறகு ஏன் பிரித்தார்கள்?
– ஆர்.வி., தஞ்சாவூர்

வரி கட்டாத குடியானவர்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்ற புகார் லண்டன் பாராளுமன்றம் வரை போனதுதான் காரணம்.

கொஞ்சம் பின்னாலிருந்து பார்க்க வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனி வருவதற்கு முன் தெற்கே காவல் என்பது ஊர்ச் சமாச்சாரம். ஊருக்குத் தலையாரி, காவல்காரர். அவர்களுக்கு மேலே பாளையக்காரரின் தேசகாவல், அதாவது பல ஊர்களுக்குச் சேர்ந்த காவல். களவுபோன பொருளை மீட்க முடியாவிட்டால் காவல் கூலி வாங்கியவரே ஈடு கட்ட வேண்டும். 1801-ல் பாளையக்காரர்களை ஒடுக்கியதும் கம்பெனி அந்த உரிமையைப் பிடுங்கிக்கொண்டது. 1802-ல் நீதிபதிக்குக் கீழே தரோகா என்ற அதிகாரியை வைத்துப் பார்த்தார்கள், சரிப்படவில்லை. 1816-ன் 11ஆம் ரெகுலேஷன் போலீஸை கலெக்டரிடம் ஒப்படைத்தது. அவருக்குக் கீழே தாசில்தார், கிராமத்தில் மணியக்காரர், தலையாரி. கிஸ்தி (நிலவரி) வசூலிப்பவரே திருடனையும் பிடிப்பார், சில்லறை வழக்குகளில் தண்டனையும் கொடுப்பார். செலவு மிச்சம் என்று சர்க்காருக்குத் திருப்தி.

விளைவு எப்படி இருந்தது என்பதை 1855-ல் வெளியான சித்திரவதைக் கமிஷன் அறிக்கை சொல்கிறது. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்று மூன்று பேர் கமிஷனர்கள். அறிக்கையில் அடிக்கடி வரும் இரண்டு தமிழ்ச் சொற்கள் கிட்டி, அண்ணாந்தாள். கிட்டி என்பது இரண்டு மரத்துண்டுகளுக்கு நடுவே கையை வைத்து நெரிப்பது. அண்ணாந்தாள் என்பது கழுத்தையும் கால்விரலையும் கயிற்றாலோ, ஆளின் சொந்தத் துணியாலோ பிணைத்து, குனிந்தபடியே வெயிலில் நிறுத்துவது. குற்றத்தை ஒப்புக்கொள்ள வைப்பதற்கு மட்டுமல்ல, கிஸ்தி பாக்கிக்கும் இதே வைத்தியம்தான். புகார் சொல்லப் போக வேண்டிய தூரமும் ஆகும் செலவும் ஏழைக்குக் கட்டுப்படியாகாது என்பதையும் கமிஷன் எழுதிவைத்தது. வசூலையும் போலீஸையும் ஒரே ஆளிடம் விட்டுவைத்ததுதான் கோளாறின் வேர் என்பதில் அதற்குச் சந்தேகமே இல்லை.

அதன்பின் வந்ததுதான் 1859-ன் 24ஆம் சட்டம், சென்னை ஜில்லா போலீஸ் சட்டம். அயர்லாந்து கான்ஸ்டபிள் படையைப் பார்த்து வகுத்த அமைப்பு. மாதச் சம்பளம், சீருடை, ஜில்லாவுக்கு ஒரு சூப்பிரண்டெண்டெண்ட் (எஸ்.பி.), மாகாணம் முழுவதற்கும் ஒரு தலைவர். முதல் தலைவரான வில்லியம் ராபின்சன் சிவில் சர்வீஸ்காரர். 1875-ல் சில மாதங்கள் சென்னையின் தற்காலிக கவர்னராகவும் இருந்தார். 1860-ல் அகில இந்தியப் போலீஸ் கமிஷன் அமைத்தபோது அவரையும் உறுப்பினராகச் சேர்த்தார்கள். அது தந்த 1861 சட்டத்தில் சென்னை ஏற்பாட்டின் சாயல் தெரிவதில் வியப்பில்லை. 1859 சட்டம் பெயரில் 'தமிழ்நாடு' சேர்ந்து இன்றும் நடப்பில் இருக்கிறது.

பிரிவினை முழுமையானது என்று மட்டும் நினைக்க வேண்டாம். மாவட்டத்தில் துப்பாக்கி லைசென்ஸும் குண்டர் சட்ட உத்தரவும் இன்றைக்கும் வருவாய்த் துறை மேஜையிலிருந்துதான் வருகின்றன. ஆளைப் பிரித்ததால் அடி நின்றுவிடவும் இல்லை. தாசில்தார் கச்சேரியில் (ஆபீஸில்) நடந்தது ஸ்டேஷனுக்கு இடம் மாறியது, அவ்வளவுதான்.

கொலை செய்தவர் வி.ஏ.ஓ.விடம் போய் சரணடைந்தார் என்று செய்தி வருகிறதே, போலீஸிடம் நேராகப் போகக் கூடாதா?
– மு.க., தேனி

தாராளமாகப் போகலாம். ஆனால் போலீஸ் அதிகாரியிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. முன்பு சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, இப்போது பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 23ஆம் பிரிவு. மேலே சொன்ன அடி உதையின் மீதான அவநம்பிக்கையில் பிறந்த விதி இது. அந்த வாக்குமூலத்தைக் கொண்டு கத்தியோ நகையோ கண்டெடுக்கப்பட்டால், கண்டெடுப்போடு தொடர்புள்ள பகுதி மட்டும் செல்லும்.

வி.ஏ.ஓ. போலீஸ் அதிகாரி அல்ல. ஆகவே அவரிடம் சொன்னது 'நீதிமன்றத்துக்கு வெளியே தந்த ஒப்புதல்' என்ற கணக்கில் வரும். முன்பு கிராம முன்சீப்புக்குக் கொஞ்சம் போலீஸ் அதிகாரமே இருந்தது, 1980-ல் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கர்ணம், முன்சீப் பதவிகளை ஒழித்த பிறகுதான் வி.ஏ.ஓ. வந்தார். இத்தகைய வாக்குமூலங்களை நீதிமன்றங்கள் சந்தேகத்தோடுதான் அளக்கின்றன. முன்பின் தெரியாத வி.ஏ.ஓ.விடம், அதுவும் நாலைந்து நாள் கழித்து ஒருவர் ஏன் மனம் திறக்க வேண்டும் என்பதே எதிர்த்தரப்பு வக்கீலின் முதல் கேள்வி. சரியான பதில் இல்லாமல் படுத்துவிட்ட வழக்குகள் நிறைய.

கமிஷனருக்கும் எஸ்.பி.க்கும் என்ன வித்தியாசம்? யார் பெரியவர்?
– எஸ்.ஜே., திருப்பூர்

பெரியவர், சின்னவர் என்பதைவிட அதிகாரத்தின் வகை வேறு. சென்னைப் பட்டணத்துக்கு 1856-லேயே தனிச் சட்டம், தனிக் கமிஷனர். பிறகு 1888-ன் மாநகரப் போலீஸ் சட்டம். கமிஷனருக்கு நிர்வாக மாஜிஸ்திரேட் அதிகாரமும் உண்டு. மதுரை, கோவை 1990-லும், திருச்சி, சேலம், நெல்லை 1997-லும் மாநகரப் போலீஸ் ஆயின. உங்கள் திருப்பூர் 2014-ல் சேர்ந்தது. 2022-ல் தாம்பரமும் ஆவடியும் சேர்ந்து மொத்தம் ஒன்பது. மற்ற இடங்களில் எஸ்.பி., அவருக்கு மேலே சரக டி.ஐ.ஜி., அவருக்கு மேலே வடக்கு, மத்திய, மேற்கு, தெற்கு என நான்கு மண்டல ஐ.ஜி.க்கள்.

நடைமுறையில் வித்தியாசம் தெரிவது குண்டர் சட்டத்தில் (1982-ன் 14ஆம் சட்டம்). மாவட்டத்தில் எஸ்.பி. பரிந்துரைப்பார், கலெக்டர் கையெழுத்திடுவார். மாநகரத்தில் கமிஷனரே கையெழுத்திடுவார். 12 நாளில் அரசு ஒப்புதல் வேண்டும், 3 வாரத்தில் காவல் சரியா என்று பார்க்கும் அறிவுரைக் குழுமத்துக்கு அனுப்ப வேண்டும். அதிகபட்சக் காவல் 12 மாதம். இந்த உத்தரவுகள் உயர் நீதிமன்றத்தில் உடைவது பெரும்பாலும் குற்றத்தின் தன்மையால் அல்ல, காகிதத்தால். கைதியின் மனுவைப் பரிசீலிக்கத் தாமதம், அவருக்குக் கொடுத்த ஆவணப் புத்தகத்தில் படிக்க முடியாத ஜெராக்ஸ் பக்கம், தெரிந்த மொழியில் மொழிபெயர்ப்பு தராதது. இவற்றில் ஒன்று போதும்.

ஏ.ஆர்., தாலுகா, பட்டாலியன் என்கிறார்களே, எல்லாரும் ஒரே போலீஸ்தானே?
– பி.எம்., விழுப்புரம்

துறை ஒன்று, வேலை மூன்று. ஸ்டேஷனில் இருப்பவர்கள் தாலுகா போலீஸ்: பாரா, ரோந்து, சம்மன், விசாரணை. ஏ.ஆர். என்ற ஆயுதப்படை மாவட்டத் தலைநகரில் இருக்கும். கைதி வழிக்காவல், கருவூலக் காவல், பிரமுகர் பாதுகாப்பு, ஆயுதக் கிடங்கு எல்லாம் அவர்கள் பொறுப்பு. பட்டாலியன் என்பது சிறப்புக் காவல் படை. ஆவடி, மணிமுத்தாறு, பழனி, ராஜபாளையம் போன்ற இடங்களில் முகாம். கமாண்டண்ட் தலைமையில் மாநிலத்தில் எங்கே அனுப்பினாலும் போக வேண்டும். பட்டாலியனில் சேர்ந்தவர்கள் ஏ.ஆருக்கும், ஏ.ஆரில் இருப்பவர்கள் ஸ்டேஷனுக்கும் மாறுதல் வராதா என்று காத்திருப்பது தெரிந்ததுதான்.

இத்தகைய தனிப் படைக்குச் சென்னை மாகாணத்தில் பேர்பெற்ற முன்னோடி, 1921 மாப்பிள்ளைக் கிளர்ச்சியை ஒட்டி உருவான மலபார் ஸ்பெஷல் போலீஸ். 1956-ல் மலபார் கேரளத்தோடு போனபோது அந்தப் படையின் மலப்புறத் தலைமையிடமும் போயிற்று.

புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். மட்டும் தந்து அனுப்புகிறார்கள். எப்.ஐ.ஆர். வாங்குவது எப்படி?
– டி.என்., ஈரோடு

சி.எஸ்.ஆர். என்பது மனு வாங்கியதற்கான ரசீது. அதில் எண்ணும் தேதியும் இருக்கும், ஆனால் வழக்குப் பதிந்ததாக ஆகாது. மனுவை இரண்டு பிரதி எழுதுங்கள்; நாள், நேரம், இடம், பொருளின் அடையாளம் (செல்போனானால் ஐ.எம்.இ.ஐ. எண்) முதல் பத்தியிலேயே வரட்டும். பலர் செய்யும் பிசகு, "பணத்தை வாங்கித் தரும்படி வேண்டுகிறேன்" என்று முடிப்பது. அதைப் பார்த்ததும் "இது சிவில் மேட்டர்" என்று ஒதுக்க வழி கிடைத்துவிடும். ஏமாற்றிய விதத்தை எழுதி, வழக்குப் பதியக் கேளுங்கள்.

1.7.2024 முதல் நடப்பில் உள்ள பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 173ஆம் பிரிவின்படி, வாரண்ட் இல்லாமல் கைதுசெய்யத்தக்க குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனும் பதிய வேண்டும். மின்னஞ்சல் போன்ற வழியில் அனுப்பினால் 3 நாளுக்குள் நேரில் கையெழுத்துப் போட வேண்டும். இதை விட்டுவிட்டுப் பின்னால் சண்டை போடுபவர்கள் உண்டு. 3 முதல் 7 வருடத்துக்குள் தண்டனை உள்ள குற்றமானால், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முதல்கட்ட விசாரணை நடத்தலாம். ஆகவே அத்தகைய வழக்கில் உடனே எண் கிடைக்காதது எப்போதும் குற்றமாகாது. பதிய மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அங்கும் அசையாவிட்டால் அந்தத் தபால் ரசீதோடும் பிரமாணப் பத்திரத்தோடும் 175(3)-ன் கீழ் மாஜிஸ்திரேட்டிடம் மனு. எஸ்.பி.க்கு அனுப்பாமல் நேராகக் கோர்ட்டுக்குப் போனால் மனு திரும்பி வந்துவிடும். எப்.ஐ.ஆர். நகல் இலவசம்.

இன்ஸ்பெக்டருக்கும் மூன்று ஸ்டார், டி.எஸ்.பி.க்கும் மூன்று ஸ்டார். எப்படி அடையாளம் காண்பது?
– வி.எல்., நாகர்கோவில்

தோள்பட்டையின் அடியில் சிவப்பு-நீல ரிப்பன் இருந்தால் இன்ஸ்பெக்டர், இல்லையென்றால் டி.எஸ்.பி. இரண்டு ஸ்டாரும் ரிப்பனும் எஸ்.ஐ. சிங்க முத்திரை வந்துவிட்டால் ஏ.டி.எஸ்.பி. அல்லது அதற்கு மேல்.

பெண் போலீஸ் எப்போது வந்தது? சாட்சி சொல்ல என் தாயாரை ஸ்டேஷனுக்கு வரச் சொல்கிறார்கள். போகத்தான் வேண்டுமா?
– ஏ.எஸ்., கடலூர்

1973-ல் ஒரு எஸ்.ஐ., ஒரு ஏட்டு, 20 காவலர்களோடு தொடங்கியது. முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992-ல் சென்னை ஆயிரம்விளக்கில். உங்கள் தாயார் போக வேண்டியதில்லை. சாட்சி பெண்ணாக இருந்தால் குடியிருக்கும் இடத்துக்கே வந்துதான் விசாரிக்க வேண்டும் என்கிறது பி.என்.எஸ்.எஸ். 179ஆம் பிரிவு. 60 வயதைத் தாண்டிய ஆண்களுக்கும் 15 வயதுக்குட்பட்ட பையன்களுக்கும் அப்படியே. அவரே விரும்பினால் போகலாம். போனில் கூப்பிட்டால் எழுத்தில் சம்மன் கேளுங்கள்.