வரப்பு உடைந்ததா?

வாசகர் கேள்விகளுக்கு மதுரையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற நோய்க்குறியியல் மருத்துவர் பதில் அளிக்கிறார்.

கேள்வி: என் தாய்மாமா 40 வருடமாக வெற்றிலையோடு புகையிலை மெல்லுகிறார். 78 வயதிலும் கல்லுப் பிள்ளையார் மாதிரி இருக்கிறார். எதிர்வீட்டுத் தம்பிக்கு 31 வயதில் வாய்ப்புற்று. பழியைப் புகையிலை மேல் போடுவது நியாயமா? (வாசகி, மேலூர்)

பதில்: ஊருக்கு ஊர் இப்படி ஒரு மாமா இருக்கிறார். அவரைக் காட்டித்தான் நாலு பேர் பொட்டலத்தைப் பிரிக்கிறார்கள்.

முப்பது வருடம் நான் பார்த்ததெல்லாம் கண்ணாடி ஸ்லைடுகள்தான். கன்னத்தின் உட்புறத்திலிருந்து மிளகளவு சதை வரும். மெழுகில் பதித்து, காகிதத்தைவிட மெல்லியதாகச் சீவி, சாயம் ஏற்றினால் உட்கருக்கள் நாவற்பழ நிறத்திலும் மற்றவை இளஞ்சிவப்பாகவும் தெரியும். புற்றுச் செல்லின் உட்கரு பெருத்துக் கறுத்திருக்கும். ஒன்றைப்போல் ஒன்று இராது. ஆனாலும் என் கண் முதலில் தேடுவது, மேல்படலத்துக்கு அடியில் ஓடும் மெல்லிய சவ்வைத்தான். வயலுக்கு வரப்பு எப்படியோ, அதற்கு அது அப்படி. உள்ளே எவ்வளவு அலங்கோலமானாலும் வரப்பு உடையாதவரை நிம்மதி. ஒரு கொத்துச் செல் அதை உடைத்துக் கீழே இறங்கியிருந்தால், அன்று எனக்கு மதியச் சோறு இறங்காது.

மரபணு கெட்டால் புற்று என்றுதான் நாங்கள் படித்தோம். 2015இல் பிரிட்டன் ஆய்வாளர்கள், இமை அறுவைசிகிச்சையில் அகற்றிய தோலைச் சோதித்தார்கள். நோயில்லாத அந்தத் தோலில், ஏறக்குறைய கால்வாசிச் செல்களில் புற்றைத் தூண்டக்கூடிய மரபணு மாற்றம் இருந்தது! 2018இல் உணவுக்குழாயைப் பார்த்தார்கள். நடுவயதுக்காரர்களிடம் இன்னும் அதிகம். அவர்கள் யாருக்கும் உணவுக்குழாய்ப் புற்று இல்லை.

ஆக, கெட்ட விதை எல்லாருக்குள்ளும் கிடக்கிறது. அதை முளைக்க வைப்பது எது? 2023இல் லண்டன் குழு ஒன்று இதற்கு நல்ல விடை தந்தது. காற்றிலுள்ள நுண்தூசி நுரையீரலுக்குள் போனதும், அங்குள்ள காவல் செல்கள் இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற பொருளைச் சுரக்கின்றன. அந்த அழற்சி, ஏற்கெனவே மாறிப்போய்ச் சும்மா கிடந்த செல்களைத் தட்டி எழுப்பிவிடுகிறது. எலிகளில் இதைக் காட்டினார்கள். நம் கண்மாய்களில் ஆடு தின்று போட்ட சீமைக்கருவேல விதை மண்ணுக்குள் கிடந்து, ஒரு மழைக்குக் காடாகிப் போனதைப் பார்த்தவர்களுக்கு நான் மேலே விளக்க வேண்டியதில்லை. புகையிலை இரண்டு வேலையும் செய்கிறது: விதையும் போடும், கன்னத்தைப் புண்ணாக்கி ஈரமும் காட்டும்.

மாமாவுக்கு ஏன் முளைக்கவில்லை, தம்பிக்கு ஏன் முளைத்தது என்பதை எந்த ஸ்லைடும் சொல்லாது. இன்றே மாமாவை வெளிச்சத்தில் உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொல்லுங்கள். வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ, இரண்டு வாரமாகியும் ஆறாத புண்ணோ இருந்தால், அல்லது வாய் முழுதாகத் திறக்க முடியவில்லை என்றால்கூட, மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். 78இல் விட்டாலும் லாபம்தான்.

கேள்வி: பயாப்சி என்று சோதனைக்குச் சதை வெட்டி எடுத்தால் கத்தி பட்டுப் புற்று பரவிவிடும் என்கிறார்களே? (வாசகர், உசிலம்பட்டி)

பதில்: இந்தப் பயத்தில் ஆறு மாதம் பச்சிலை கட்டிவிட்டு வந்தவர்களின் ஸ்லைடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். பரவிய பிறகு வருகிறார்கள், பழி கத்திக்கு. வாய்ப் புண்ணுக்குத் தயங்காமல் எடுங்கள்.

கேள்வி: யானைக்குப் புற்றுநோய் வராதாமே? அப்படியானால் யானைமுடி மோதிரம் போட்டால் பயன் உண்டா? (வாசகர், அழகர்கோவில்)

பதில்: வரும், ஆனால் அந்த உடம்பின் அளவுக்கு மிகக் குறைவு. செல் கெட்டுவிட்டால் பிரியவிடாமல் நிறுத்தும் பி53 என்ற புரதம் நம் உடம்பில் உண்டு. அதற்கான மரபணு நமக்கு அப்பா வழி ஒன்று, அம்மா வழி ஒன்று என இரண்டு பிரதிதான். யானைக்கு நாற்பது என்று 2015இல் கண்டார்கள். மரபணு சேதமானால் யானையின் செல் பழுதுபார்த்துக்கொண்டு இழுத்தடிப்பதில்லை, சட்டென்று தன்னையே மாய்த்துக்கொள்ளும். கோவில் வாசலில் தும்பிக்கை தலையில் படும்போது அந்த நாற்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மோதிரத்துக்கு வருவோம்: அந்த மரபணு உங்கள் விரல் வழியாக உள்ளே இறங்காது. யானைமுடியை விற்பதும் வாங்குவதும் சட்டப்படி குற்றம் வேறு.