கும்பிடுபூச்சி வளர்ப்பு: கேள்வி – பதில்

கேள்வி: வேலிப் பூவரசில் பிடித்த இரண்டு பெரிய பச்சைக் கும்பிடுபூச்சிகள் என்னிடம் இருக்கின்றன. ஆண், பெண் பிரிப்பது எப்படி? பெண், ஆணைத் தின்றுவிடாமல் இணை சேர்க்க முடியுமா? (வாசகர், கொக்குவில்)

பதில்: வயிற்றின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். குறுக்குத் தகடுகள் பெண்ணுக்கு 6 தெரியும், கடைசித் தகடு பெரிதாக இருக்கும். ஆணுக்கு 8. ஆண் ஒல்லி, அதன் உணர்கொம்பும் நீளம். தோளில் சிறகு மொட்டாக மட்டும் இருந்தால் அது இன்னும் குஞ்சுதான், பொறுத்திருங்கள்.

கடைசித் தோல் கழன்ற பிறகு பெண்ணுக்கு 2 முதல் 3 கிழமையும் ஆணுக்கு ஏறத்தாழ 2 கிழமையும் கொடுங்கள். இரவில் பெண் தலைகீழாகத் தொங்கி வயிற்று நுனியை வளைத்துக் காட்டத் தொடங்கினால் அது ஆணை அழைக்கிறது என்று அர்த்தம். இணை சேர்ப்பதற்கு முந்திய நாலைந்து நாளும் பெண்ணுக்கு வயிறு உப்பும் அளவுக்குத் தீனி கொடுக்க வேண்டும். ஆணின் உயிர் பெரும்பாலும் இந்த நாலைந்து நாளில்தான் தங்கியிருக்கிறது.

கூண்டு பெரிதாக இருக்கட்டும்: 40 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரம், பக்கங்கள் வலை, உள்ளே சுள்ளிகள். பொழுதுபடும் நேரம் பெண்ணின் கையில் ஒரு கரப்பொத்தானைக் கொடுத்து, அது தின்னத் தொடங்கியதும் ஆணை அதன் பின்பக்கமாக ஒரு முழம் தள்ளி விடுங்கள். மருந்தடித்த வீட்டுக் கரப்பொத்தான் வேண்டாம், நஞ்சு பெண்ணுக்குப் போய்விடும். ஆணைத் தள்ளிக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள். அது மணிக்கணக்கில் அசையாமல் நிற்கும், பிறகுதான் பாயும். சேர்ந்திருப்பதும் பல மணி நேரம். ஆபத்து மிகுந்த கட்டம் ஆண் இறங்கும் நேரம். பறந்து தப்ப இடம் வேண்டும் என்பதாலேயே பெரிய கூண்டு சொல்கிறோம். இறங்கியவுடன் ஆணை வேறாக்குங்கள். பெண் தலையைக் கடித்துவிட்டாலும் இணைதல் தொடரலாம். அந்த அசைவை நடத்தும் நரம்புமுடிச்சு வயிற்றில்தான் உள்ளது.

கேள்வி: ஒரே கூட்டில் பொரித்தவற்றை வளர்க்கிறேன். பெண்கள் முதிரும் முன்பே ஆண்கள் செத்துவிடுகின்றன. (வாசகி, சாவகச்சேரி)

பதில்: ஆண் பெண்ணை விடக் குறைந்த தடவை தோலுரித்து முதலில் முதிர்கிறது, ஆயுளும் குறைவு. 8 தகடு எண்ணக்கூடிய பருவம் வந்ததுமே ஆண்களைப் பிரியுங்கள். அவற்றுக்குத் தீனியை 3 நாளுக்கு ஒருமுறையாகக் குறைத்து, வீட்டின் குளிர்ச்சியான அறையில் வையுங்கள். பெண்களுக்குத் தினமும் தீனி கொடுத்து வெப்பமான பக்கத்தில் வையுங்கள். வேறு ஊர் வேலியில் பிடித்த ஓர் ஆணைச் சேர்த்தால் இன்னும் நல்லது.

கேள்வி: ஆணைக் காணாத பெண் முட்டைக்கூடு வைத்திருக்கிறது. பொரிக்குமா? (வாசகர், இணுவில்)

பதில்: நம்பியிருக்க வேண்டாம். கருவில்லாத கூட்டையும் பெண் வைக்கும், வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அமெரிக்காவில் புருன்னேரியா போரியாலிஸ் என்ற இனத்தில் ஆணே இல்லை, பெண்கள் மட்டுமே பெருகுகின்றன. அது பெரும் விதிவிலக்கு.

கேள்வி: முருங்கைக் கொப்பிலிருந்து எடுத்த முட்டைக்கூட்டில் குஞ்சு வரவில்லை, சின்னக் குளவிகள் வந்தன. (வாசகர், சுன்னாகம்)

பதில்: அவை பொடாகிரியன் என்ற ஒட்டுண்ணிக் குளவிகள். வாலில் ஊசிபோல் நீண்ட குழலைக் கூட்டுக்குள் செலுத்தி, கும்பிடுபூச்சி முட்டைக்குள் தன் முட்டையை இடும். கூட்டில் வட்டமான சிறு துளைகள் இருந்தால் குளவி ஏற்கெனவே வெளியேறிவிட்டது. எல்லா முட்டையும் அழிந்திராது. மெல்லிய துணி கட்டிய போத்தலில் கூட்டை இன்னும் சில கிழமை வைத்துப் பாருங்கள், மிச்சக் குஞ்சுகள் வரக்கூடும்.

கேள்வி: நூற்றுக்கு மேல் குஞ்சு பொரித்தது. ஒரு கிழமைக்குள் எல்லாம் போய்விட்டன. என்ன பிழை? (வாசகி, பருத்தித்துறை)

பதில்: பெரும்பாலும் தீனி தயாராக இல்லாததுதான். முட்டைக்கூடு பொரிக்க ஏறத்தாழ 4 முதல் 6 கிழமை எடுக்கும். தீனி வளர்ப்பை அதற்கு 2 கிழமை முன்பே தொடங்கியிருக்க வேண்டும். முதல் தீனி, வாழைப்பழத்தில் மொய்க்கும் கொசு (பழ ஈ). கனிந்த வாழைப்பழம் ஒன்றை மசித்துப் போத்தலில் போட்டு, அப்பத்துக்குப் போடும் ஈஸ்ட் ஒரு சிட்டிகையும், பூஞ்சணம் பிடிக்காமல் அரைத் தேக்கரண்டி வினாகிரியும் சேருங்கள். கசக்கிய கடதாசி ஒன்றை உள்ளே வைத்து, கொசு ஏறியதும் துணியால் கட்டிவிடுங்கள். ஏறத்தாழ 10 முதல் 12 நாளில் புதுக் கொசு வரும். ஒரு கிழமை இடைவெளியில் இரண்டாவது போத்தல் தொடங்கினால் தட்டுப்பாடு வராது. போத்தலை வெயில் படும் கூரைக்குக் கீழே வைக்காதீர்கள்: 30 பாகைக்கு மேல் நீடித்தால் ஆண் கொசுக்கள் மலடாகும். சித்திரை, வைகாசியில் இங்கே பலருக்கு வளர்ப்பு படுத்துப்போவது இதனால்தான்.

அடுத்தது தண்ணீர். சோளகம் வீசும் மாதங்களில் குஞ்சுகள் ஒரே நாளில் காய்ந்துபோகும். காலையும் மாலையும் நுண்துளியாகத் தெளியுங்கள், பெரிய துளியில் குஞ்சு ஒட்டி மூழ்கிவிடும். நம் கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு கண்ணாடியில் வெண்படையாகப் படியும், மழைத்தண்ணீர் உகந்தது. கூண்டின் கால்களைத் தண்ணீர்ச் சிரட்டையில் வையுங்கள், எறும்பு ஒரே இரவில் எல்லாவற்றையும் முடித்துவிடும். இரண்டு, மூன்று தோல் கழன்றதும் ஒவ்வொன்றையும் தனிப் போத்தலுக்கு மாற்றுங்கள், பிறகு இலையான் கொடுக்கலாம். வெங்காயம், மிளகாய்த் தோட்டங்களில் பிடித்த பூச்சி எதையும் போடாதீர்கள். அங்கே மருந்து அடிக்காத கிழமை அரிது.

கேள்வி: இரவில் கண் கறுக்கிறது. நோயா? (வாசகர், நல்லூர்)

பதில்: இல்லை. இருட்டில் ஒளியைக் கூடுதலாகப் பெறக் கண்ணின் நிறமி இடம் மாறுகிறது, விடிந்ததும் பச்சையாகும். பகலிலும் ஒரே இடத்தில் நிற்கும் பழுப்புத் திட்டென்றால், கண்ணாடியில் கண்ணைத் தேய்த்த காயம். வலைக்கூண்டுக்கு மாற்றுங்கள்.

கேள்வி: தோலுரிக்கும்போது விழுந்து கால் கோணிவிட்டது. நேராகுமா? (வாசகர், உரும்பிராய்)

பதில்: இன்னும் தோலுரிப்பு மிச்சமிருந்தால் அடுத்தடுத்த தடவைகளில் சீராகும், முறிந்துபோன காலும் மீண்டும் வளரும். சிறகு வந்த பூச்சிக்கு வழியில்லை. விழுவதற்குக் காரணம் வழுக்கும் மூடி. மூடியின் உட்புறம் நுளம்பு வலை ஒட்டுங்கள், கீழே உடல் நீளத்தின் 3 மடங்கு வெற்றிடம் விடுங்கள். தின்ன மறுத்து மேலே தொங்கும் பூச்சியிடம் உயிருள்ள தீனியை விட்டுவைக்காதீர்கள், தோல் கழலும்போது அது பூச்சியையே கடிக்கும். தோலுரித்த பின் உடல் இறுகும் வரை ஒரு நாள் தீனி வேண்டாம், பெரிய பூச்சிக்கு 2 அல்லது 3 நாள்.