எஞ்சின் நின்ற பிறகு என்ன ஓடுகிறது? பேட்டரி கேள்வி-பதில்

காரில் கூடுதலாக இரண்டு ஃபாக் லைட், ஒரு ஆம்ப்ளிஃபயர், டேஷ்கேம், இரண்டு மூன்று ஃபோன் சார்ஜர் எல்லாம் மாட்டியிருக்கிறேன். பழைய பேட்டரி போய்விட்டது. அக்சசரி அதிகம் என்பதால் டீப் சைக்கிள் பேட்டரி (நிதானமாக மணிக்கணக்கில் கொடுக்கும் ரகம்) போடு என்கிறார் நண்பர். போடலாமா?

வேண்டாம். நீங்கள் சொன்ன பட்டியலில் எஞ்சின் நின்ற பிறகும் எது ஓடுகிறது என்று முதலில் பாருங்கள். ஃபாக் லைட்டை ஓட்டும்போதுதான் போடுகிறீர்கள். பாட்டும் பெரும்பாலும் அப்படித்தான். எஞ்சின் ஓடும்போது அவற்றுக்கு மின்சாரம் தருவது, எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் ஜெனரேட்டரான ஆல்டர்னேட்டர். பேட்டரி அப்போது கொடுக்கும் இடத்தில் இல்லை, வாங்கும் இடத்தில் இருக்கிறது. அதனால் அக்சசரி அதிகமானால் கவலைப்பட வேண்டியது ஆல்டர்னேட்டரைப் பற்றி.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 55 வாட் ஹாலஜன் இரண்டு என்றால் 110 வாட், சுமார் 8 ஆம்பியர். டேஷ்கேம் அரை ஆம்பியர்கூட இழுக்காது. ஃபோன் சார்ஜர்கள் எல்லாம் சேர்ந்து 3, 4 ஆம்பியர். ஆம்ப்ளிஃபயர்தான் இதில் பெரிய தீனிக்காரன். சத்தத்தை முழுசாகத் திறந்தால் நல்ல ஆம்ப் ஒன்று 40, 50 ஆம்பியர் இழுத்துவிடும். சிறிய காரின் ஆல்டர்னேட்டர் 60 முதல் 90 ஆம்பியர் வரை தரும், அதுவும் எஞ்சின் வேகமாகச் சுற்றும்போதுதான். ஐட்லிங்கில் அதில் பாதி வந்தாலே நல்லது. மழை இரவில் ஹெட்லைட், வைப்பர், ஏசி ப்ளோவர், ரேடியேட்டர் ஃபேன் என்று வண்டியின் சொந்தச் செலவு வேறு இருக்கிறது.

ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். எஞ்சினை ஐட்லிங்கில் விட்டு, எல்லா அக்சசரியையும் ஒன்றாகப் போட்டுவிட்டு, பேட்டரி டெர்மினலில் வோல்டேஜ் பாருங்கள். 13.5-க்கு மேல் நின்றால் சரி. 12.8-க்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால் ஆல்டர்னேட்டர் தோற்றுக்கொண்டிருக்கிறது, மீதியைப் பேட்டரி ஈடுகட்டுகிறது என்று அர்த்தம். அந்த நிலையில் எந்தப் பேட்டரி போட்டாலும் பிரச்சினை தள்ளித்தான் போகும், தீராது. பல்பை எல்இடிக்கு மாற்றுங்கள், அல்லது பெரிய ஆல்டர்னேட்டர் போடுங்கள்.

ஒரே விதிவிலக்கு டேஷ்கேம். வண்டி நிற்கும்போதும் பதிவு செய்யும் பார்க்கிங் மோடில் விட்டால், 0.3 ஆம்பியர்கூட மூன்று நாளில் 20 ஏஎச்-க்கு மேல் தின்றுவிடும் (ஏஎச் என்பது ஆம்பியர்-மணி, ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கிய அளவு). வோல்டேஜ் 12.2-க்கு இறங்கியதும் தானாக அணைக்கும் கட்-ஆஃப் கிட் ஒன்றை நடுவில் போட்டுவிடுங்கள். மற்றபடி உங்களுக்குத் தேவை எஞ்சினைக் கிளப்புவதற்கென்றே செய்த நல்ல ஸ்டார்ட்டிங் பேட்டரிதான்.

ஸ்டார்ட்டிங், டீப் சைக்கிள் இரண்டுமே 12 வோல்ட், இரண்டிலும் ஈயமும் ஆசிடும்தான். அப்புறம் என்ன வித்தியாசம்?

பிளேட்டில்தான். ஸ்டார்ட்டிங் பேட்டரியில் மெல்லிய பிளேட்டுகள் நிறைய இருக்கும். ஆசிட் தொடும் பரப்பு அதிகம் என்பதால் ஒரே நொடியில் நூற்றுக்கணக்கான ஆம்பியரை அள்ளிக் கொடுக்கும். ஆனால் செல்ஃப் அடிக்கும் வேலை உண்மையில் மிகச் சின்னது. 200 ஆம்பியர் வீதம் 3 நொடி அடித்தால் செலவாவது 0.17 ஏஎச் மட்டுமே. சில நிமிட ஓட்டத்தில் ஆல்டர்னேட்டர் அதைத் திருப்பி நிரப்பிவிடும். ஆக ஸ்டார்ட்டிங் பேட்டரி வாழ்நாள் முழுக்க ஏறக்குறைய நிறைந்தே இருக்க வேண்டும் என்று நினைத்துத்தான் அதைச் செய்கிறார்கள்.

டீப் சைக்கிளில் பிளேட்டுகள் தடிமன், எண்ணிக்கை குறைவு, மேலே பூசிய பேஸ்டும் அடர்த்தி. நிதானமாக மணிக்கணக்கில் கொடுக்கும், பாதி வரை காலியாகி மறுபடி நிறைவதைப் பல நூறு தடவை தாங்கும். ஸ்டார்ட்டிங் பேட்டரியை இப்படி ஆழமாக இறக்கி ஏற்றினால் மெல்லிய பிளேட்டின் பேஸ்ட் உதிர்ந்து அடியில் படியும். காலியாகவே கிடந்தால் ஈய சல்பேட் இறுகிப்போய், சார்ஜ் போட்டாலும் கரையாது. 'போன மாசம்தான் வாங்கினேன், அதுக்குள்ள சார்ஜ் நிக்கல' என்று வரும் புகார்களில் பெரும்பாலும் இந்தக் கதைதான் இருக்கும்.

டீப் சைக்கிளால் எஞ்சினை ஸ்டார்ட் செய்யவே முடியாதா என்றால், முடியும். ஆனால் அதே வேகத்தில் கொடுக்க அது இன்னும் பெரிதாக இருக்க வேண்டும். குளிர்ந்த காலையில் டீசல் எஞ்சினைச் சுற்றும்போது அந்தக் குறை தெரியும்.

லேபிளில் ஏஎச், சிசிஏ, ஆர்சி என்று மூன்று எண்கள். எதைப் பார்த்து வாங்குவது?

ஸ்டார்ட் செய்ய வாங்குகிறீர்கள் என்றால் சிசிஏ. மைனஸ் 18 டிகிரி செல்சியஸில், 30 நொடிக்கு, வோல்டேஜ் 7.2-க்குக் கீழே போகாமல் எத்தனை ஆம்பியர் தரும் என்ற அளவு அது. வண்டியின் கையேட்டில் சொன்ன எண்ணுக்குக் குறையாமல் இருந்தால் போதும், அதைவிட இரண்டு மடங்கு தேடி அலைய வேண்டாம். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம்: வெறும் 'சிஏ' என்று போட்டிருந்தால் அது உறைநிலையில், அதாவது 0 டிகிரியில், எடுத்த அளவு. அதனால் எண் பெரிதாகத் தெரியும். ஒரு பேட்டரியின் சிஏ-வை இன்னொன்றின் சிசிஏ-வோடு ஒப்பிட்டுவிடாதீர்கள்.

நின்ற வண்டியில் எதையாவது ஓட்ட வாங்குகிறீர்கள் என்றால் ஏஎச். இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 100 ஏஎச் என்பது பொதுவாக 20 மணி நேரக் கணக்கு: 5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம். அதே பேட்டரியில் 25 ஆம்பியர் இழுத்தால் 4 மணி நேரம் வரும் என்று வகுத்துப் பார்ப்பீர்கள், வராது. சாதாரண ஈய-ஆசிட் பேட்டரி என்றால் மூன்று மணி நேரம் ஓடினாலே பெரிது. வேகமாக இழுத்தால் கையில் கிடைப்பது குறையும்.

ஆர்சி என்பது 25 ஆம்பியர் இழுக்கும்போது வோல்டேஜ் 10.5-க்கு இறங்க எத்தனை நிமிடம் ஆகும் என்பது. ஆல்டர்னேட்டர் நடுவழியில் போனால் எவ்வளவு நேரம் தாங்கும் என்று சொல்வதற்காக வந்த அளவு. ஏஎச் போடாத பேட்டரிகளை ஒப்பிட உதவும்.

வேன் ஒன்றைத் தங்கும் வண்டியாக மாற்றுகிறோம். சின்ன ஃப்ரிட்ஜ், எல்இடி விளக்கு, ஃபேன், லேப்டாப். இரண்டு நாள் ஒரே இடத்தில் நிற்போம். இருக்கும் பேட்டரியையே பெரிதாக்கினால் போதுமா?

போதாது. மூன்றாம் நாள் காலையில் செல்ஃப் எடுக்காது, தள்ளித்தான் கிளப்ப வேண்டும். உங்களுக்குத்தான் டீப் சைக்கிள் வேண்டும், அதுவும் தனியாக, இரண்டாவது பேட்டரியாக.

எவ்வளவு பெரிது என்று கடைக்காரரிடம் கேட்காதீர்கள், ஒரு காகிதத்தை எடுத்து நீங்களே கூட்டுங்கள். கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ் 45 வாட் என்று வைப்போம், ஓடும்போது 4 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. நாளில் 40 சதவீத நேரம் ஓடினால் 36 ஏஎச். வெயிலில் நிறுத்தி, கதவைத் திறந்து திறந்து மூடினால் இன்னும் ஏறும். ஃபேன் 1.5 ஆம்பியர், 8 மணி நேரம்: 12. விளக்குகள்: 5. லேப்டாப் 60 வாட், 3 மணி நேரம், இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால் 18 வரும். கூட்டினால் ஒரு நாளைக்கு 71 ஏஎச், இரண்டு நாளுக்கு 140-க்குக் கொஞ்சம் மேல்.

சாதாரண ஈய-ஆசிட் அல்லது ஏஜிஎம் (ஆசிடைக் கண்ணாடி இழைப் பாயில் ஊறவைத்து மூடிய ஈயப் பேட்டரி) டீப் சைக்கிளைப் பாதிக்கு மேல் காலி செய்யக்கூடாது என்று வைத்தால் 280 ஏஎச் வாங்க வேண்டும். 100 ஏஎச் ஏஜிஎம் ஒன்று சுமார் 30 கிலோ. ஆக 80 கிலோவுக்கு மேல் ஈயத்தைத் தூக்கிக்கொண்டு திரிவீர்கள். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்றால் 80, 90 சதவீதம் வரை தாராளமாக எடுக்கலாம், 170 ஏஎச் போதும், எடையும் அதில் கால் பங்கு அளவில் முடிந்துவிடும். கையில் காசு இருந்தால், அடிக்கடி பயணமும் போவீர்கள் என்றால், நான் லித்தியத்தையே சொல்வேன். வருடத்தில் இரண்டு மூன்று பயணம்தான் என்றால் ஏஜிஎம் போதும். ஜெல் வகை ஆல்டர்னேட்டரின் வோல்டேஜுக்கு ஒத்துவருவது கஷ்டம், அதை விட்டுவிடுங்கள்.

ஆனால் பேட்டரி வாங்குவதற்கு முன் செலவைக் குறைக்கப் பாருங்கள். லேப்டாப்பை இன்வெர்ட்டர் வழியாக ஓட்டாமல் நேராக 12 வோல்ட் சார்ஜரில் போட்டாலே சில ஏஎச் மிச்சம். 100 வாட் சோலார் பேனல் நல்ல வெயில் நாளில் 25, 30 ஏஎச் திருப்பித் தரும். இதையெல்லாம் செய்தால் வாங்க வேண்டிய பேட்டரி கணிசமாகச் சின்னதாகிவிடும்.

அடுத்தது இணைப்பு. இரண்டு பேட்டரியையும் வெறும் வயரால் நேராக இணைத்தால் ஃப்ரிட்ஜ் இரண்டையும் சேர்த்துக் காலி செய்யும், அப்புறம் இரண்டு வைத்ததற்கே பொருள் இல்லை. பழைய முறை, வோல்டேஜ் பார்த்துச் சேர்க்கும் ரிலே. எஞ்சின் ஓடி வோல்டேஜ் 13.3 அளவுக்கு ஏறியதும் சேர்க்கும், 12.8-க்கு இறங்கியதும் பிரிக்கும். எளியது, ஈயப் பேட்டரிக்குப் போதுமானது. ஆனால் உங்கள் வேன் புதியது என்றால், எரிபொருள் மிச்சப்படுத்த ஆல்டர்னேட்டர் வோல்டேஜைத் தானே குறைக்கும் ரகமாக இருக்கலாம். அதில் இந்த ரிலே குழம்பும். அதற்கும், எந்த லித்தியத்துக்கும், ஆல்டர்னேட்டர் தருவதை இரண்டாவது பேட்டரிக்கு ஏற்றபடி கட்டுப்படுத்திக் கொடுக்கும் டிசி-டிசி சார்ஜர் வைப்பதே சரி. லித்தியம் பேட்டரி கொடுத்ததையெல்லாம் விழுங்கும். கட்டுப்பாடு இல்லாமல் விட்டால் ஆல்டர்னேட்டர் ஐட்லிங்கில் சூடேறிக் கருகவும் வாய்ப்புண்டு. 30 ஆம்பியர் சார்ஜர் என்றால் 140 ஏஎச் திரும்ப ஏற கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் ஓட்ட வேண்டும் என்பதையும் பயணத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஈயம் என்றால் கடைசி 20 சதவீதம் ஆமை வேகத்தில்தான் ஏறும்.

லித்தியத்தை எஞ்சின் அறைக்குள் வைக்காதீர்கள், சூடு ஆகாது. 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றவும் கூடாது. வயர் தடிமனாக, இரண்டு பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கும் பக்கத்திலேயே ஆளுக்கொரு ஃபியூஸ். இந்த ஃபியூஸில் மட்டும் சிக்கனம் வேண்டாம், வயர் உரசி ஷார்ட் ஆனால் வண்டியே எரியும்.

ஜீப்பில் வின்ச் (சிக்கிய வண்டியைக் கேபிளால் இழுக்கும் மோட்டார்) மாட்டப் போகிறேன். அதற்கு டீப் சைக்கிள்தானே?

இல்லை. வின்ச் முழு பாரத்தில் 400 ஆம்பியர் வரை இழுக்கும், ஆனால் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம்தான். அது ஸ்டார்ட்டர் மோட்டாரின் அண்ணன். சிசிஏ அதிகம் உள்ள, அதிர்வைத் தாங்கும் ஏஜிஎம் ஸ்டார்ட்டிங் பேட்டரி போடுங்கள். எஞ்சினை ஓடவிட்டு, விட்டு விட்டு இழுங்கள். சாதாரண 100 ஏஎச் லித்தியம் வைத்திருந்தால் அதன் காவல் சர்க்யூட் பாதியிலேயே துண்டித்துவிடும்.

சிக்னலில் தானாக நின்று கிளம்பும் ஸ்டார்ட்-ஸ்டாப் கார். ஏஜிஎம் விலை அதிகம், சாதாரணப் பேட்டரியே போதும் என்கிறார் கடைக்காரர்.

போடாதீர்கள். சிக்னல் சிக்னலாக எஞ்சின் நிற்கும்போது விளக்கும் ப்ளோவரும் பேட்டரியில்தான் ஓடுகின்றன. சாதாரணப் பேட்டரி சீக்கிரம் சாகும். கம்பெனி ஏஜிஎம் போட்டிருந்தால் ஏஜிஎம், இஎஃப்பி (சாதாரணத்தைவிட வலுவாக்கிய ஈயப் பேட்டரி) போட்டிருந்தால் இஎஃப்பி, அல்லது ஒரு படி மேலே ஏஜிஎம். சில கார்களில் புதுப் பேட்டரி மாட்டியதை ஸ்கேனர் வழியாகக் கம்ப்யூட்டருக்குச் சொல்லவும் வேண்டும். அதைச் செய்து தருவார்களா என்று முன்பே கேளுங்கள்.

வண்டியை அதிகம் எடுப்பதில்லை. இரண்டு வாரம் நின்றால் பேட்டரி டவுன். பெரிய பேட்டரி போட்டால் சரியாகுமா?

இரண்டு வாரம் மூன்று வாரமாகும், அவ்வளவுதான். பூட்டிய வண்டியும் அலாரம், கடிகாரம், கம்ப்யூட்டர் என்று 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை குடிக்கும். 50 என்றே வைத்தாலும் இரண்டு வாரத்துக்கு 17 ஏஎச்தான். நல்ல பேட்டரி அதைத் தாங்க வேண்டும். எனவே ஒன்று பேட்டரி ஏற்கெனவே தளர்ந்திருக்கிறது, அல்லது நீங்கள் மாட்டிய ஏதோ ஒன்று தூங்காமல் இழுத்துக்கொண்டிருக்கிறது. வண்டியைப் பூட்டி ஒரு மணி நேரம் கழித்து எலக்ட்ரீஷியனை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கினால் திருடன் அகப்படுவான். பக்கத்தில் பிளக் பாயிண்ட் இருந்தால், நிறைந்ததும் தானாக நிற்கும் மெயின்டனன்ஸ் சார்ஜர் ஒன்று நல்ல முதலீடு.

கடையில் நின்று வாங்கும்போது எதைச் சரிபார்ப்பது?

தயாரித்த தேதியை முதலில். ஈயப் பேட்டரி அலமாரியில் இருந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். மல்டிமீட்டர் வைக்கச் சொல்லுங்கள்: 12.6-க்கு மேல் என்றால் நிறைவு, 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி. பாதியில் நிற்பதை 'மாட்டி ஓட்டினா ஏறிடும் சார்' என்று கொடுத்தால் வேறு எடுத்து வரச் சொல்லுங்கள். பாசிட்டிவ் டெர்மினல் எந்தப் பக்கம், அடியில் பிடிக்கும் கிளாம்ப் பொருந்துகிறதா என்றும் பாருங்கள். தளர்ந்து ஆடும் பேட்டரி அதிர்விலேயே போய்விடும்.

வாரண்டி அட்டையில் இரண்டு விஷயம் தேடுங்கள். எத்தனை மாதம் இலவச மாற்று, அதற்குப் பிறகு எத்தனை மாதம் விலையில் கழிவு மட்டும் என்பது ஒன்று. ஸ்டார்ட்டிங் பேட்டரியை வேறு வேலைக்குப் பயன்படுத்தினால் வாரண்டி கிடையாது என்ற வரி இருக்கிறதா என்பது இன்னொன்று. அந்த வரி இருந்து, நீங்களும் அதில் ஃப்ரிட்ஜ் ஓட்டினால், கிளெய்ம் கேட்டுப் போகும்போது பேச உங்களிடம் எதுவும் இருக்காது.