திருச்சிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் விமானத்தில் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?

திருச்சி விமான நிலையத்திலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையம் நேர்கோட்டில் ஏறத்தாழ 185 கிலோமீட்டர். பயணச்சீட்டின்படி பயணம் சுமார் ஒரு மணி நேரம். கேட்டதற்கு விடை இவ்வளவுதான். ஆனால் அங்கே உறவு உள்ளவர்தான் இப்படிக் கேட்பார் என்று எண்ணுவதால் மேலும் எழுதுகிறேன்.

என் அம்மா யாழ்ப்பாணத்தை அடுத்த கொக்குவிலில் பிறந்து திருச்சிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். போருக்கு முந்தைய காலத்தில் பலாலிக்கும் திருச்சிக்கும் விமானம் இருந்ததை அவர் அடிக்கடி சொல்வார். 2018-இல் அவருடைய அக்கா, என் பெரியம்மா, கொக்குவிலில் காலமானபோது இந்தியாவிலிருந்து பலாலிக்குப் பயணிகள் விமானமே கிடையாது. செய்தி வந்த அன்றே கிடைத்த விமானத்தில் 400 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே பறந்து கொழும்பு விமான நிலையம் உள்ள கட்டுநாயக்காவில் இறங்கி, அங்கிருந்து புத்தளம், அநுராதபுரம், வவுனியா, கிளிநொச்சி என்று 350 கிலோமீட்டருக்கு மேல் பேருந்தில் இரவெல்லாம் வடக்கே போனேன். மறுநாள் முற்பகல் போய்ச் சேர்ந்தபோது எடுத்துவிட்டிருந்தார்கள். கழுவிவிட்ட முற்றத்தில் ஈரம் காயவில்லை. பெரியம்மாவின் மூக்குக்கண்ணாடி சன்னல் கட்டையில் மடித்தபடி இருந்தது. "எவ்வளவு நேரம் வைச்சிருக்கிறது, தங்கச்சி?" என்று அண்ணா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

பலாலி 2019 அக்டோபரில் பன்னாட்டு விமான நிலையமாகி, அடுத்த மாதம் சென்னையிலிருந்து விமானம் வந்தது. திருச்சியிலிருந்து நேரடி விமானம் 2025 மார்ச் இறுதியில்தான் தொடங்கியது. அதன் பிறகும் எங்கள் ஊர் முகவர் ஒருவர் கொழும்பு வழியாகவே எனக்குச் சீட்டு எடுக்கப் பார்த்தார். நேரடி விமானம் இருக்கிறதே என்று நான் சொன்ன பிறகுதான் தேடினார். கேட்கத் தெரியாத முதியவர்களை இப்படி அலையவிடுவது எனக்கு இன்றும் கோபமூட்டுகிறது.

அந்தப் பயணத்தில் சன்னலோரம் அமர்ந்திருந்தேன். பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தென்னந்தோப்புகள் முடிந்து, அதிராம்பட்டினத்தை ஒட்டிக் கரை கீழே விலகியதும் பாக்கு நீரிணை தொடங்கியது. கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறங்கப்போவதாக அறிவித்துவிட்டார்கள். அம்மாவுக்கு முன்பே இது கிடைத்திருந்தால் அவர் தன் அக்காவின் முகத்தைப் பார்த்திருப்பார்.

185 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரமா என்று சிலர் இங்கே வாதிட வரக்கூடும். இந்த வழியில் பறக்கும் ஏடிஆர் என்ற சிறிய விமானத்தின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 500 கிலோமீட்டர் என்பது உண்மைதான். ஆனால் இவ்வளவு குறுகிய தொலைவில் மேலேறுவதிலும் கீழிறங்குவதிலுமே பெரும்பகுதி கழிந்துவிடுவதால் முழு வேகத்தில் பறக்கும் நேரம் கொஞ்சமே. மேலும், சீட்டில் உள்ள நேரம் விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்ந்தது முதல் மறுமுனையில் நிற்பது வரையிலான கணக்கு. நான் தந்த தொலைவும் நேர்கோட்டு அளவுதான். பறக்கும் பாதை சற்றுக் கூடலாம்.

இரு நாடுகளிலும் கடிகாரம் ஒன்றே என்பதால் நேரத்தைக் கூட்டிக் கழிக்க வேண்டியதில்லை. பன்னாட்டுப் பயணம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னதாகவே திருச்சி விமான நிலையத்துக்குப் போய்விடுங்கள். பலாலியில் இறங்கிய பின் யாழ்ப்பாண நகரத்துக்குச் சாலைவழியே இன்னும் 16 கிலோமீட்டர் அளவு உண்டு. துக்கத்துக்குப் போவதாக இருந்தால் வீட்டாருக்கு இந்த நேரத்தையும் சேர்த்தே சொல்லுங்கள்.