அப்பா கையெழுத்துப் போட மறுத்தால் குழந்தையைச் சிங்கப்பூர் அழைத்துப் போகலாமா?

கேள்வி: மண்டபத்தில் அம்மா வீட்டில் இருக்கிறேன். இந்து முறைத் திருமணம். விவாகரத்து வழக்கு நடக்கிறது. ஏழு வயது மகள் என்னிடம் இருக்கலாம், ஞாயிறுதோறும் அப்பா பார்க்கலாம் என்று இடைக்கால உத்தரவு உள்ளது. கணவருக்கு ராமேஸ்வரத்தில் விசைப்படகுத் தொழில். எனக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்திருக்கிறது. மகளின் பாஸ்போர்ட்டுக்கு அவர் கையெழுத்துப் போட மறுக்கிறார். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் எழுதி வாங்கினால் போதுமா?

பதில்: போதாது, அம்மா. நீதிமன்றம் உத்தரவு போட்ட பிறகு, ஊர்க்கூட்டத்தில் முத்திரைத்தாளில் எழுதியது அதை மாற்றாது. அவர் மனம் மாறினாலும், இருவரும் கையெழுத்திட்ட கூட்டு மெமோவை (சம்மதத்தை எழுதிய மனுவை) அதே வழக்கில் தாக்கல் செய்து உத்தரவாக வாங்குங்கள்.

அதற்கும் முன்னால் உங்கள் வேலைக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். சிங்கப்பூரில் பிள்ளையை டிபென்டன்ட் பாஸில், அதாவது குடும்பத்தினருக்கான அனுமதியில், அழைத்துக்கொள்ள, உங்களிடம் எம்ப்ளாய்மென்ட் பாஸ் அல்லது எஸ் பாஸ் என்ற வேலை அனுமதி இருந்து, மாதச் சம்பளமும் குறைந்தது 6,000 சிங்கப்பூர் டாலர் இருக்க வேண்டும். ஒர்க் பெர்மிட்டில் போகிறவருக்கு இந்த வழி இல்லை. இங்கே வழக்கில் ஜெயித்தும் அங்கே விசா கிடைக்காமல் நிற்கக் கூடாது.

பாஸ்போர்ட்டுக்குப் பெற்றோர் இருவரும் கையெழுத்திடுவது அனெக்ஸர் டி என்ற உறுதிமொழிப் படிவம். ஒருவர் மறுத்தால், மற்றவர் காரணத்தை எழுதி அனெக்ஸர் சி கொடுக்கலாம். அதில் வழக்கு நடப்பதையும் இடைக்கால உத்தரவையும் மறைக்காதீர்கள். பொய்த் தகவல் பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். பாஸ்போர்ட் கைக்கு வந்துவிட்டது என்பதற்காக மகளை அழைத்துப் போய்விடவும் முடியாது.

பயண அனுமதிக்கு, நடக்கும் வழக்கிலேயே இந்து திருமணச் சட்டம் பிரிவு 26-ன்படி இடைக்கால மனுப் போடுங்கள். வேலைக் கடிதம், தங்குமிடம், பள்ளி இடம், நீங்கள் வேலைக்குப் போகும் நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர் யார் என்ற விவரம் எல்லாம் இணைப்பாக வேண்டும். 2020 அக்டோபரில், வேலைக்காகச் சிங்கப்பூர் போன ஒரு தாய் குழந்தையை உடன் அழைத்துப் போக உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. தந்தையுடன் தொடர்பு அறுந்துபோகாமல் ஏற்பாடும் செய்தது. உங்கள் வக்கீல் அந்தத் தீர்ப்பைக் காட்டட்டும்.

மனுவின் உயிர் அந்த ஏற்பாட்டில்தான் இருக்கிறது. “அப்பாவுடன் பேச வைப்பேன்” என்று ஒற்றை வரியில் எழுதினால் நிற்காது. அவர் கடலுக்குப் போகும் நாளில் சிக்னல் கிடைக்காது. வீடியோ அழைப்பைக் கரையில் இருக்கும் நாட்களுக்கு, இந்திய நேரம் குறித்து எழுதுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. மகளின் பள்ளிக்கு மே கடைசியில் விடுமுறை தொடங்கினால், தடைக்காலம் முடியும்வரை உள்ள இரண்டு வாரமும் ராமேஸ்வரத்தில் அப்பாவுடன் இருக்கட்டும். டிக்கெட் செலவை நீங்களே ஏற்பதாகவும் எழுதுங்கள். ஞாயிறு சந்திப்பை இழக்கப்போகும் ஒரு தகப்பனுக்கு இது நியாயமாகச் சேர வேண்டியது.

எதிர்த்தரப்பு வக்கீல் கட்டாயம் கேட்பது, “திரும்பி வராவிட்டால்?” என்பதுதான். குழந்தைகளைத் திருப்பி அனுப்பும் 1980 ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. அந்த வழியில் அவரால் மகளை மீட்க முடியாது. ஆகவே முகவரி மாறினால் தெரிவிப்பேன், கூப்பிட்டால் அழைத்து வருவேன் என்று உறுதிமொழிப் பத்திரமும், முடிந்தால் பிணைத்தொகையும் நீங்களே முன்வந்து கொடுங்கள்.

அனுமதி இல்லாமல் கிளம்பினால் அது உத்தரவை மீறுவது. அவர் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு, அதாவது பிள்ளையை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் மனு, போடலாம். இப்போது கையில் இருக்கும் பொறுப்பே பறிபோகலாம்.

நீதிபதி மகளைத் தனியே கூப்பிட்டுப் பேசக்கூடும். என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுக்காதீர்கள், பிள்ளை மனசு பாவம். வேலையில் சேரும் தேதியைத் தள்ளிக் கேளுங்கள்; உத்தரவு நகல் கைக்கு வரும்வரை மகளுக்கு டிக்கெட் எடுக்க வேண்டாம்.