உள்ளடக்கச் சான்றை நம்பி இயக்கலாமா?

கேள்வி: வெள்ளவத்தையில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். திருமணப் படங்களோடு, செய்தி நிறுவனங்களுக்காகப் போராட்டப் படங்களும் எடுக்கிறேன். என் படங்களைப் பிறர் தம்முடையவை என்று போடுகிறார்கள். சிலர் அவை செயற்கை நுண்ணறிவில் செய்தவை என்கிறார்கள். போட்டோஷொப்பில் உள்ள உள்ளடக்கச் சான்று வசதியை இயக்கினால் பயன் உண்டா? என் பெயரையும் சமூக வலைத்தளக் கணக்குகளையும் போட்டோஷொப்பை வெளியிடும் அடோபியிடம் கொடுப்பது பாதுகாப்பானதா?

பதில்: திருமணப் படங்களுக்குத் தயங்காமல் இயக்குங்கள். போராட்டப் படங்களுக்கு, உங்கள் பாதுகாப்பை மட்டுமன்றிப் படத்தில் நிற்பவரின் பாதுகாப்பையும் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

அடோபி, மைக்ரோசொப்ட், இன்டெல், ஆர்ம், பிபிசி, ட்ரூபிக் ஆகியவை சேர்ந்து 2021 இல் அமைத்த சி2பிஏ கூட்டமைப்பே இதன் தரநிலையை வகுத்தது. படம் எந்தக் கருவியில் உருவானது, அதில் என்ன மாற்றம் செய்யப்பட்டது என்ற பதிவு கோப்புக்குள்ளேயே வைக்கப்பட்டு, டிஜிட்டல் கையொப்பம் இடப்படுகிறது. பின்னர் எவரேனும் படத்தை மாற்றினால் கையொப்பம் பொருந்தாமற் போகும். தரநிலை வெளிப்படையானது என்பதால், இந்தச் சோதனையை அடோபியின் தயவின்றி எவரும் செய்யலாம்.

ஆனால் போட்டோஷொப்பில் ஏற்றுமதியாகும் படத்தில் இருப்பது அடோபியின் கையொப்பம், உங்களுடையது அல்ல. உங்கள் பெயர், உங்கள் கணக்கை வைத்து அந்நிறுவனம் அதில் எழுதும் ஒரு வரி மட்டுமே. படத்தில் காணப்படும் சம்பவம் உண்மையில் நடந்தது என்பதற்கும் இச்சான்று உத்தரவாதம் தருவதில்லை. 2025 செப்டெம்பரில் நிக்கோன் இஸட்6III கமராவில், பல படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்கும் வசதியைப் பயன்படுத்தி, கமரா எடுக்காத படத்துக்கும் செல்லுபடியான கையொப்பம் பெற முடியும் என்று காட்டப்பட்டபோது, கமராவிலேயே படங்களுக்குச் சான்றளிக்கும் தன் சேவையை நிக்கோன் நிறுத்திச் சான்றிதழ்களை இரத்துச் செய்ய நேர்ந்தது.

இனி, நிறுவனத்தின் மீதான நம்பிக்கை. 2013 இல் அடோபியின் கணினிகளுக்குள் ஊடுருவியவர்களிடம் சுமார் 3 கோடியே 80 இலட்சம் பயனர்களின் கணக்கு விவரங்கள் சிக்கின. 2024 ஜூனில், பயனரின் உள்ளடக்கத்தைத் தானியங்கி முறையிலும் ஆட்கள் மூலமும் அணுகலாம் என்ற நிபந்தனை பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. வாடிக்கையாளரின் படங்களைக் கொண்டு, படம் உருவாக்கும் தன் செயற்கை நுண்ணறிவான பயர்ஃபிளை மாதிரியைப் பயிற்றுவிக்கவில்லை என்று அடோபி விளக்கமளித்து, வாசகத்தையும் திருத்தியது. அந்த விளக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. எனினும் நிபந்தனைகளை எழுதுபவரும் மாற்றுபவரும் ஒருவரே என்பதால், தேவைக்கு மேல் ஒரு விவரமும் கொடுக்காதிருப்பதே என் ஆலோசனை. நமது 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நம்பி இதில் இறங்கவும் வேண்டாம். அதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்தபோது தள்ளிவைக்கப்பட்டன.

உங்கள் தொழிலில் உண்மையான ஆபத்து, பலரும் பார்க்காமல் விடும் ஒரு சிறுபடத்தில் இருக்கிறது. கோட்டைப் புகையிரத நிலையத்தின் முன் நடக்கும் ஆர்ப்பாட்டம் ஒன்றில், காணாமல் ஆக்கப்பட்ட மகனின் படத்தை ஏந்தி நிற்கும் தாயின் முகத்தை, அவர் கேட்டுக்கொண்டபடி மங்கலாக்கி வெளியிடுகிறீர்கள் என்று கொள்வோம். சான்று இயங்கும் நிலையில் அந்த வேலையைச் செய்தால், இறுதிப் படத்தோடு அது எதிலிருந்து உருவானது என்ற விவரமும், மூலப் படத்தின் சிறு வடிவமும் கோப்பில் சேர்ந்துவிடக்கூடும். அச்சிறு வடிவத்தில் முகம் மங்கலாகியிருக்காது. வெட்டி நீக்கிய ஓரத்தில் நின்றவருக்கும் இதே கதிதான். இதைச் சதி என்று சொல்ல மாட்டேன். மாற்றத்தைக் காட்டுவதற்காகவே செய்யப்பட்ட வசதி, மறைக்க வேண்டியதையும் சேர்த்துக் காட்டிவிடுகிறது.

சான்றைக் கோப்புடன் இணைப்பதா, அடோபியின் மேகச் சேமிப்பில் (இணையவழிச் சேமிப்பில்) வெளியிடுவதா என்ற தெரிவிலும் கவனம் தேவை. வட்ஸ்அப்பில் அனுப்பும்போது கோப்பிலுள்ள சான்று பொதுவாக உதிர்ந்துவிடும். மேகத்தில் வெளியிட்டால் அதை மீண்டும் தேடி எடுக்க வழி உண்டு. (திருமண வீட்டார் படங்களை வட்ஸ்அப்பிலேயே கேட்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.) ஆகவே திருமணப் படங்களுக்கு இரண்டையும் தெரிவுசெய்து, தொழிற்பெயரையும் ஸ்டூடியோவின் இன்ஸ்டகிராம் கணக்கையும் மட்டும் இணையுங்கள். மேகத்தில் வெளியிட்டவை எவரும் பார்க்கக்கூடியவை. பின்னர் அழித்துக்கொள்ளலாம் என்று எண்ணி அங்கே வைக்காதீர்கள். செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்குப் பயன்படுத்த வேண்டாம் என்ற குறியையும் இடலாம், ஆனால் அது வேண்டுகோளே தவிரத் தடை அல்ல.

ஆளை அடையாளம் காட்டாமலும் சான்றளிக்க முடியும் என்பதற்கு கூகுளின் பிக்சல் 10 நல்ல எடுத்துக்காட்டு. அது ஒவ்வொரு படத்துக்கும் ஒருமுறை மட்டும் பயன்படும் சாவியால் கையொப்பமிடுவதால், இரண்டு படங்களின் கையொப்பங்களை ஒப்பிட்டு ஒரே கைத்தொலைபேசியில் எடுத்தவை என்று கண்டுபிடிப்பது கடினம்.

போராட்டப் படங்களைப் பொறுத்தவரை, முகம் மறைக்க வேண்டியவற்றைச் சான்று நிறுத்திய நிலையில் திருத்தி, இடக்குறிப்பையும் நீக்கியே வெளியிடுங்கள். மற்றவற்றுக்குப் பெயரும் கணக்குகளும் இன்றிக் கோப்புடன் மட்டும் சான்றை இணைக்கலாம்; அனுப்புமுன் ஏற்றுமதி செய்த கோப்பை, உள்ளடக்கச் சான்றுகளைச் சரிபார்க்கும் இணையப் பக்கத்தில் திறந்து, சிறுபடங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். படம் போலி என்று எவரேனும் சொன்னால், கமரா பதிந்தபடியே உள்ள, திருத்தாத ரோ கோப்பையும் அதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களையும் செய்தி ஆசிரியருக்கு நேரில் காட்டுவது, இன்றைய நிலையில் எந்த நிறுவனத்தின் கையொப்பத்தையும் விட வலுவான ஆதாரம்.